வாசலில் ஒரு பதிவேடு

காலபோக அறுவடை முடிந்த கையோடு என் மச்சான் ஒருவர் முருங்கனிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தார். மாமன் மகன், என்னிலும் இரண்டு வயது மூத்தவர். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் அவருக்குக் கிளினிக் நாள். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் மருந்துக் கோவை. தோளில் சொந்த வயல் நெல்லைக் குற்றிய பத்துக் கிலோ அரிசி.

வாயிற்காவலர் இன்டர்கொம்மில் என்னை அழைத்திருக்கிறார். நான் அதன் ஒலியை முதல்நாள் இரவே அடக்கி வைத்திருந்தேன், கைத்தொலைபேசியையும் அவ்வாறே. வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் எவரையும் உள்ளே விடக்கூடாது என்பது அக்காவலருக்கு இடப்பட்ட கட்டளை. எனவே எழுபது வயதைத் தாண்டிய ஒரு நோயாளி, வீதியோரக் கல்லில், அரிசிப் பையின் மீது கையை வைத்தபடி இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு நான் இறங்கி ஓடியபோது அவர் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், வதிவிடம், காணவந்தவர் பெயர், வந்த காரணம், நேரம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் தயங்கி, "சொந்தம்" என்று எழுதியிருந்தார்.

நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்தார். "பரவாயில்லையடா மச்சான். மதவாச்சியிலயும் இப்பிடித்தானே வைச்சுக் கேட்டவங்கள். அங்க நிண்டவனுக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்தது. இஞ்ச நிக்கிறவனுக்கு நீ குடுக்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் குத்திப் பேசவில்லை. பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

மதவாச்சியைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். இறுதி யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து கொழும்புக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிட முடியாது. மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறங்கி, பொதிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், எத்தனை நாள் நிற்பாய் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, அப்பால் போய் வேறொரு பஸ்ஸில் ஏறவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளிகளும் அந்த வரிசையில் நின்றார்கள். அதைப்பற்றி நானே பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். ஒரு பிரசை தன் நாட்டின் தலைநகருக்குப் போகக் காரணம் சொல்லவேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். அதே கேள்விகளை இன்று என் வீட்டு வாசலில் என் உறவினரிடம் ஒருவர் கேட்கிறார்; அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு என் கையிலிருந்து போகிறது.

இந்த வீட்டுக்கு நான் வந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனைவி காலமான பின்னர், கனடாவில் பிரசையாகிவிட்ட மகன் எனக்கொரு பாதுகாப்பான இடம் தேடினான். ஊரிலே காணி வாங்கி வீடு கட்டலாம் என்றேன். சட்டம் இடம் தரவில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (கைமாற்றம் மீதான மட்டுப்பாடுகள்) சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசை ஒருவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க இயலாது. ஆனால் அதே சட்டம் இயற்றப்பட்டபோது தொடர்மாடிகளில் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விலக்களித்தது. முருங்கனின் கரிசல் மண்ணில் ஒரு பரப்புக் காணியை விலைக்கு வாங்க முடியாத என் மகன், கொழும்பின் ஆகாயத்தில் ஒன்பதாம் மாடியை வாங்கினான். நீச்சல் தடாகம், உடற்பயிற்சிக் கூடம், மின்பிறப்பாக்கி, சுற்றிவர உயர்ந்த மதில், இரவு பகலாகக் காவல். குறைசொல்ல எனக்கு வாயில்லை. மின்தூக்கி பழுதாவதில்லை, குழாயில் தண்ணீர் நிற்பதில்லை.

இத்தகைய குடியிருப்புகளைப் பணக்காரரின் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம். எங்களவர் விஷயத்தில் அது முழு உண்மையல்ல. 1983 யூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடி வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்திருந்தார்கள். எந்த வீடு யாருடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படலையைத் திறந்தால் முற்றம், முற்றத்தைத் தாண்டினால் கதவு என்றிருந்த தனிவீடுகளில் எங்கள் மக்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. பிற்காலத்தில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் தொடர்மாடிகளை நாடியதற்கு, காணி விலையும் வெளிநாட்டுப் பணமும் மட்டும் காரணமல்ல. நாலுபேர் மேலும் கீழும் இருக்கிறார்கள், கீழே ஓர் இரும்புக் கதவு இருக்கிறது என்ற தெம்பும் ஒரு காரணம்.

பின்னர் 2007 யூன் 7 ஆம் திகதி வந்தது. கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் அதிகாலையில் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். 376 பேர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆனால் பாடம் மனதில் பதிந்துவிட்டது. விடுதியில் இருப்பவன் அப்புறப்படுத்தப்படுவான். உறுதி வைத்திருப்பவன் தப்புவான். கையில் இருந்ததையெல்லாம் விற்று ஒரு தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். 2008 செப்டெம்பரில், முந்திய ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பொலிஸாரிடம் பதியவேண்டும் என்ற உத்தரவு வந்தபோதும் நீண்ட வரிசைகளைக் கண்டோம்.

ஆகவே வாசற்கதவை நான் குறைகூறவில்லை. அச்சம் உண்மையானது, அதற்கு ஒரு வரலாறு உண்டு. என்னை உறுத்துவது கதவல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் பதிவேடு. 1983 இல் ஒரு பட்டியல். 2007 இலும் 2008 இலும் வேறு பட்டியல்கள். பட்டியல்களால் இவ்வளவு இழந்த ஒரு சமூகம், தன் வாசலிலே தானே ஒரு பட்டியலை எழுதி வைத்திருக்கிறது. மீன்காரர், பாண் கொண்டு வருபவர், வீட்டு வேலைக்கு வரும் பெண், ரியூஷன் வாத்தியார், ஊரிலிருந்து வரும் உறவினர், எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் உண்டு. நிரம்பிய பதிவேடுகள் எங்கே போகின்றன என்று விசாரித்தேன். மின்பிறப்பாக்கி அறையில் ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. எவரும் திறந்து பார்ப்பதில்லை. எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தேவைக்கு மேல் ஒருவருடைய விபரங்களைச் சேர்க்கவோ, தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருக்கவோ கூடாது என்ற நெறியை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. சட்டத்துக்குக்கூடப் போகவேண்டாம், அந்தப் பதிவேட்டின் மறுபக்கத்தில் நின்ற அனுபவம் எங்களுக்கு இருக்கிறதே.

"அந்தக் காலத்தில் எங்கள் ஊரில்" என்று தொடங்கி, வேலியே இல்லாத ஒரு சொர்க்கத்தை வரைந்து காட்டும் எண்ணமும் எனக்கில்லை. முருங்கனில் எங்கள் வீட்டுக்கு வேலி இருந்தது, படலையும் இருந்தது. படலை பெரும்பாலும் மாட்டை மறிக்கத்தான். பக்கத்து வீட்டாருக்கு வேலியில் ஒரு பொட்டு விட்டிருப்போம். குழம்புச் சட்டியும் சண்டையும் அந்தப் பொட்டின் வழியாகத்தான் போய்வந்தன. ஆனால் எல்லோருக்கும் அந்தப் பொட்டு திறந்திருக்கவில்லை. எங்கள் வயலில் அருவி வெட்டிய சிலர் முற்றத்துக்கு அப்பால் வந்ததில்லை. அவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேறு பாத்திரம் வேலியோரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிறுவனாக அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. இங்கே எங்கள் தொடர்மாடியில் இரண்டு மின்தூக்கிகள். ஒன்றின் பக்கத்தில் "வேலையாட்கள் இதனைப் பயன்படுத்தலாகாது" என்ற அறிவித்தல். முதன்முதலாக அதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது, கவிழ்த்து வைத்த அந்தப் பாத்திரந்தான்.

மதிலுக்கு வெளியேயும் சற்றுப் பார்ப்போம். கொழும்பில் இரண்டு வகையான உயர்ந்த கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. ஒருவகை, பேரை வாவியின் கரையில் 68 மாடிகளுடன் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஓல்டெயர் போன்றவை. மற்றவகை, வனாத்தமுல்லையிலும் தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் வறியவர்களுக்கென எழுப்பப்பட்டவை. 2010 ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டு வரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டபோது அங்கே படையினரும் நின்றார்கள். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் வாவியோரத்துக் குடிமக்கள் பலர் பெருந்தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். பெறுமதியான நிலம் விடுபட்டது. ஒருவகைக் கட்டடத்தில் குடியிருப்பவர் தாமே விரும்பி மதிலுக்குள் போனவர். மற்றதில் குடியிருப்பவர்களில் பலரிடம் விருப்பம் கேட்கப்படவில்லை.

நிலத்துக்கும் ஞாபகம் இருக்கிறது. இன்று ஹவ்லொக் சிட்டி நிற்கும் இடம் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை. 1933 இல் அந்த ஆலையின் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்று, கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன்னணியில் நின்றார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. ஆலை வாசல் போய்க் குடியிருப்பு வாசல் வந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நகரங்கள் மாறத்தான் செய்யும். ஆனால் ஆலை வாசலில் மனிதர் கூடினார்கள். எங்கள் வாசல்களில் எவரும் கூடுவதில்லை; கூடவும் விடுவதில்லை.

மதில் கட்டியதால் நகரத்தின் துன்பம் உள்ளே வராதென்ற நம்பிக்கை எவ்வளவு நிலையற்றது என்பதை 2022 இல் கண்டோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு. முதல் சில நாட்கள் எங்கள் மின்பிறப்பாக்கி உறுமிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் மாடியிலிருந்து பார்த்தால் சுற்றிவர இருட்டு. எங்கள் வீடுகளில் மாத்திரம் வெளிச்சம். பெருமையாகத்தான் இருந்தது, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பின்னர் டீசல் தட்டுப்பாடு எங்கள் வாசலையும் எட்டியது. மின்பிறப்பாக்கி நின்றது, மின்தூக்கி நின்றது, நீர் ஏற்றும் பம்பியும் நின்றது. ஒன்பது மாடிப் படிகளை வாளியுடன் ஏறிய அன்று, கீழே தெருவில் குழாயடியில் நின்ற மனிதரோடு நானும் ஒரே ஊர்க்காரன் என்பது விளங்கியது. அவ்வாண்டு யூலை 9 ஆம் திகதி, நாட்டிலேயே மிகப் பலமாகக் காவல் செய்யப்பட்ட ஜனாதிபதி மாளிகையின் வாசலும் மக்கள் முன் திறந்துகொண்டது.

அதே 2022 செப்டெம்பரில் பெங்களூரில் நடந்ததையும் எண்ணிப் பார்க்கலாம். மதிலும் காவலும் கொண்ட செல்வந்தர் குடியிருப்புகளுக்குள் மழைவெள்ளம் புகுந்தது. விலையுயர்ந்த கார்கள் மிதந்தன. குடியிருந்தவர்கள் உழவு இயந்திரங்களில் ஏறி வெளியேறினார்கள். அந்த நகரம் ஒருகாலத்தில் ஒன்றோடொன்று தொடுத்த ஏரிகளின் நகரம். ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் தூர்ந்தும் கட்டடங்களாகியும் போனபின் தண்ணீர் தனக்குத் தெரிந்த பழைய வழியிலேயே வந்தது. அதற்குப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாது.

குளத்தோடு பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முருங்கன் வயல்களின் உயிர் கட்டுக்கரைக் குளம். அருவியாற்றின் நீரைத் தேக்கத்தில் மறித்துக் குளத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து, சிறு குளங்களையும் நிரப்பி, 24,000 ஏக்கர் அளவான வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். சிறுபோகத்தில் நீர் போதாது. எவ்வளவு காணி விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்று கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். அக்கூட்டங்களில் சத்தம் இருக்கும். சில வேளை கைகலப்பும் இருக்கும். ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. மேல்வயல்காரனுக்கும் கடைவாய்க்கால்காரனுக்கும் ஒரே குளம்.

தொடர்மாடிக்கும் அப்படியொரு கூட்டம் இருப்பதை நான் இங்கு வந்து பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் ஒரு நல்ல உண்மையைச் சொல்கிறது. எனக்கோ என் மகனுக்கோ சொந்தமானது எங்கள் வீட்டின் உட்புறம் மாத்திரமே. நிலம், படிக்கட்டு, மின்தூக்கி, மதில், வாசல் யாவும் எல்லா உடைமையாளருக்கும் பொதுவான பங்கு. அவற்றை நிருவகிப்பது உடைமையாளர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அந்த வாசலில் நடப்பதற்குக் காவலர் பொறுப்பல்ல, நான் பொறுப்பு.

மச்சான் ஊர் திரும்பிய மறுவாரம் பொதுக்கூட்டம். மகனின் பதிலாளாகச் சென்றேன். மூன்று வேண்டுகோள்களை முன்வைத்தேன். வாசலில் கூரையிட்ட ஒரு வாங்கும், குடிநீரும், வருபவரும் காவலரும் பயன்படுத்த ஒரு கழிவறையும் வேண்டும். மின்தூக்கியில் உள்ள அறிவித்தல் அகற்றப்படவேண்டும். பதிவேட்டில் பெயரும் வீட்டிலக்கமும் போதும். அடையாள அட்டை இலக்கம் வேண்டாம். ஒரு மாதம் கழிந்ததும் ஏடுகள் அழிக்கப்படவேண்டும்.

முதலாவது எதிர்ப்பின்றி நிறைவேறியது. எங்கள் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் பணிபுரியும் மலையகத்து இளைஞருக்கு இருக்க ஓர் இடமில்லை என்பதை அதுவரை எவரும் கவனித்திருக்கவில்லை; நானுந்தான். இரண்டாவது, இரண்டு வாக்குகளால் தப்பியது. மூன்றாவதுக்கு ஓர் அம்மையார் எழுந்து மறுப்புச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை. "ஐயா, 83 இல் எங்கட வீடு எரிஞ்சது. ஆர் வந்தது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஆர் வாறது எண்டு தெரிஞ்சால்தான் நான் நித்திரை கொள்ளுவன்." சபை மௌனமானது. என் வேண்டுகோள் தோற்றது.

வந்தவர்கள் கையிலும் ஒரு பதிவேடு இருந்ததே அம்மா என்று அப்போது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மின்தூக்கியில் ஏறும்போதுதான் தோன்றியது. சொல்லாததும் நல்லதே. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான நித்திரையின்மையை வாதத்தால் வெல்ல முடியாது. அடுத்த ஆண்டும் கூட்டம் நடக்கும். இன்னொரு முறை கேட்பேன். அதற்கிடையில் அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போய் அவருடைய கதையையும் கேட்கவேண்டும். அவர் ஏழாம் மாடியில் இருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் நான் அவருடைய பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை. வருபவர் பெயரையெல்லாம் எழுதி வைத்திருக்கும் குடியிருப்பில் இருப்பவரின் பெயர் இருப்பவருக்குத் தெரியவில்லை.

தொடர்மாடிகளில் வாழும் என் வாசகர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மதிலை இடிக்கச் சொல்லவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் வாசலில் ஒருநாள், வெளியிலிருந்து வரும் ஒருவர் நிற்கும் இடத்தில், அரைமணி நேரம் நின்று பாருங்கள். மதவாச்சியில் நின்றவர்களுக்கு அது புதிய அனுபவமாக இராது.

வாங்கு சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மச்சானுக்கு அடுத்த கிளினிக் வைகாசியில். இம்முறை தொலைபேசியின் ஒலியை அடக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். "அடக்கினாலும் பரவாயில்லை, இப்ப இருக்க இடம் இருக்குத்தானே" என்கிறார் அவர்.